பத்தரை மணித்தியாலம்

இரணைமடு
04.01.2024

அன்பு மகன் தர்சனுக்கு,

நான் நலம் என்று எழுதினால் பொய். சண்டையில் பாதி போன காது இப்போது முழுக்கப் போய்விட்டது. தொலைபேசியில் நீ எதைச் சொன்னாலும் நான் "ஓம், ஓம்" என்பதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கௌசலா சிரிக்கிறாள். அதனால்தான் கடிதம்.

அம்மாவுக்கு இனி மருந்தில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவள் கேட்பது ஒன்றுதான். "செத்தாப்பிறகு என்ரை உடம்பு பழுதாகாமலிருக்க ஊசி அடிச்சு நாள்கணக்காக் கிடத்தாதேங்கோ. ஒரு நாளுக்கை எரிச்சுப்போடுங்கோ. கொள்ளி தர்சன்தான் வைக்கவேணும்."

குளத்தில் திறந்த தண்ணீர் எத்தனை மணித்தியாலத்தில் எங்கள் வயலுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். சூரிச்சிலிருந்து கொழும்புக்கு எத்தனை மணித்தியாலம் என்று தெரியாது. எழுது.

இப்படிக்கு,
அப்பா

---

சூரிச்
23.01.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வர பத்தொன்பது நாள் எடுத்தது. விமானத்துக்கு அவ்வளவு வேண்டாம். ஏறத்தாழ எட்டாயிரம் கிலோமீற்றர். நேரே பறந்தால் பத்தரை மணித்தியாலம், டுபாயில் மாறினால் பதினைந்து. பிறகு கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் வண்டியில் தரைவழியே ஏழு. எப்படிப் பார்த்தாலும் ஒரு நாளுக்குள் அடங்கும். அம்மாவிடம் சொல்லுங்கள்.

அறுவடைக்கு ஆள் பிடித்தீர்களா? தனியே வெயிலில் நிற்காதீர்கள்.

உங்கள் அன்பு மகன்,
தர்சன்

---

சூரிச்
17.02.2024

அப்பா,

நேற்றுக் கௌசலா அக்கா தொலைபேசி எடுத்து, அம்மா போய்விட்டா என்றா. "வாறியோ தம்பி?" என்று கேட்டா. பின்னால் நீங்கள் "எத்தினை மணிக்காம்?" என்று கத்தியது எனக்குக் கேட்டது. "வெளிக்கிட்டன்" என்று சொல்லிவிட்டேன்.

நான் வெளிக்கிடவில்லை. ஒன்பது வருடமாக என் அகதி வழக்கு முடியவில்லை. கடவுச்சீட்டு சுவிஸ் அதிகாரிகளிடம் இருக்கிறது. ஊருக்குப் போகத் திருப்பிக் கேட்டால் வழக்கு முறிந்துவிடும். என்னைத் தேடி வீட்டுக்கு வந்தவர்களை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். இதையெல்லாம் உங்களிடம் மறைத்தேன்.

ஆனாலும் விமான நிலையத்துக்குப் போனேன். கொழும்பு விமானம் கிளம்பும்வரை கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். பத்தரை மணித்தியாலம் என்பது கடவுச்சீட்டு உள்ளவனுக்கு, அப்பா.

அதன்பின் தொலைபேசியை நிறுத்திவைத்திருக்கிறேன். எடுத்துப் பேசத் துணிவில்லை. மன்னியுங்கள்.

தர்சன்

---

இரணைமடு
09.03.2024

தர்சனுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. அம்மாவை எரித்துப் பதினெட்டு நாளாகியிருந்தது.

முதல் கடிதத்தில் நீ எழுதிய மணிக்கணக்கை அவள் பாடமாக்கி, பார்க்க வந்த எல்லோருக்கும் சொன்னாள். அந்தக் கணக்கை வைத்துத்தான் நானும் ஒரு நாள் உன்னை எதிர்பார்த்திருந்தேன். பிறகு, டுபாயில் தாமதமாக்கும் என்று நினைத்தேன். பிறகு, வான் பழுதாக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் ஊசி அடிக்க ஆளைக் கூப்பிட்டது நான்தான். வேண்டாம் என்று கெஞ்சினவளுக்கு. மூன்றாம் நாள் கொள்ளியையும் நானே வைத்தேன்.

கடவுச்சீட்டு இல்லாதது உன் குற்றமில்லை. "ஏலாது" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே எரித்திருப்பேன். நாற்பது வருடத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

எனக்கும் ஒரு நாள் வரும். அன்றைக்கு உனக்கு அறிவிக்க வேண்டாம் என்று கௌசலாவிடம் சொல்லியிருக்கிறேன். அறிவித்தால் நீ வாறன் என்பாய். இங்குள்ளவர்களும் என்னை எரிக்காமல் உன் வழி பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஐயாத்துரை