குளிர் வெளியே போகாத வகுப்பறை

ஏறாவூர்,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்பு மகன் ஸாஜிதுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் உன் பெண்சாதி றுக்ஷானாவும் பிள்ளை நஸ்ஹாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அதே காவல் தோஹாவில் உனக்கும் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போன் இருக்க இந்த மனிசன் என்னத்துக்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ என்னைப் பேச விட்டால்தானே. நான் வாயைத் திறக்குமுன் நீ பதிலைச் சொல்லிவிடுகிறாய், பிறகு டியூட்டி என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை இடையில் வெட்ட முடியாது. அடுத்த தெரு றிஸ்லான் நாளைக்கு உன் பக்கம் பயணம், அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

இங்கே வெயில் ஆளைச் சுட்டெடுக்கிறது. வாவிப் பக்கமிருந்து வரும் காற்றும் அடுப்புப் புகைபோலத்தான் முகத்தில் அடிக்கிறது. தன்னாமுனைப் பக்கம் மீன் செத்துக் கரையொதுங்கிக் கிடக்கிறதாம், தண்ணீர் சூடேறி என்கிறார்கள். மீன் வாங்க மனம் வருவதில்லை, பருப்பும் முட்டையுமாகத்தான் போகிறது. றுக்ஷானாவுக்கு இடுப்புவலி குறைவு, நீ அனுப்பிய மருந்தைப் பூசுகிறாள். கரண்ட் கண்ட நேரமெல்லாம் போய்விடுகிறது, போனால் மத்தியானம் தாண்டித்தான் வரும். இதை நான் சும்மா எழுதவில்லை.

காலஞ்சென்ற உன் உம்மா றமீஸாவின் பேரில் பள்ளிக்கூடத்துக்கு நீ கட்டிக் கொடுத்த வகுப்பறையைப் பற்றித்தான் எழுத வந்தேன். முதலில் நல்லதைச் சொல்லுகிறேன், இல்லாவிட்டால் வாப்பாவுக்கு எதைச் செய்தாலும் குறைதான் என்பாய். பழைய மண்டபத்தில் ஏசியைப் போட்டு ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு காசைக் காற்றில் விட்டார்கள், அது எனக்கும் தெரியும். நீ தோஹாவில் குளிரூட்டும் வேலை பார்க்கிறவன். அங்கேயிருந்து சொல்லிச் சொல்லிச் செய்வித்தாய். மேல்சுவர்க் காற்றுத் துவாரங்களைச் சீமெந்து வைத்து அடைத்து, அதன்மேல் உம்மாவின் பேர்க்கல்லைப் பதித்தார்கள். ஜன்னலுக்குத் திறக்காத கண்ணாடி, கதவோரத்துக்கு றப்பர், கூரைக்குள் பஞ்சு. பொட்டுக் குளிரும் வெளியே போகக்கூடாது என்றாய், போகவில்லை. பில் பாதிக்குமேல் குறைந்தது. மின்சாரக் கந்தோரிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துச் சான்றிதழும் கொடுத்தார்கள், அதிபர் இஷாம் அதைச் சட்டம் போட்டுத் தன் கதிரைக்கு மேலே மாட்டியிருக்கிறார். ஓட்டமாவடியிலிருந்தும் ஒரு பள்ளிக்கூடத்தார் இதேபோல் செய்ய அளந்துகொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு உங்கள் பழைய மாணவர் சங்கம் அனுப்பிய ஜெனரேட்டர் வந்தது. வெளியில் வைத்தால் களவு போய்விடும் என்று வகுப்பறைக்குப் பின்னாலுள்ள விறாந்தையைத் தகரம் அடித்து, கம்பிக் கதவு போட்டு, அதற்குள் பூட்டி வைத்தார்கள். நீயும் ஓம் என்றாய், வயர் நீளம் குறையும் என்று. கரண்ட் போனால் அது அங்கேதான் ஓடுகிறது. ஏசிக் குழாய் போகிற ஓட்டை அந்த விறாந்தைக்கும் வகுப்புக்கும் இடையில் இருக்கிறது மகன். உள்பக்கம் போய் என் கண்ணால் பார்த்தேன், புதுப் பெயின்டில் ஓட்டையைச் சுற்றிக் கறுப்பாகப் படிந்திருக்கிறது.

அந்த வகுப்பில் படிக்கிற நஸ்ஹா தலையிடி என்று வருகிறாள் என்று உனக்குச் சொன்னோம். வெயில் என்றாய். கண்ணாடி போட வேண்டுமோ என்று றுக்ஷானா டொக்டரிடம் காட்டினாள், கண்ணில் குறையில்லை. உன் மாமி, கண்பட்ட நாவூறு என்று ஓதிப் பார்த்தா. நான் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி மெல்லக் கேட்டேன். மூத்தவாப்பா, மெசின் ஓடினா எங்களுக்கெல்லாம் நித்திர வரும், ஜெமீலா டீச்சரும் மேசையில தலைய வெச்சிருவா என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் நாட்களை எண்ணிப் பார்த்தேன். கரண்ட் இருக்கிற நாளில் அவளுக்கு ஒன்றுமில்லை. போனமுறை பெற்றார் கூட்டத்தில் நானும் அதற்குள் இருந்தேன், மெசின் ஓடிக்கொண்டிருந்தது. தலை இறுகி, ஓங்காளித்து, எழும்பினால் கால் நிற்கவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் இருந்தபிறகுதான் சீரானது. வயசு என்று எல்லாரும் பகிடி பண்ணினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன நோன்பில் நீயே எனக்கு ஒரு கதை சொன்னாய், மறந்துவிட்டாயோ தெரியாது. உங்கள் வேலைத்தளத்தில் இரண்டு பேர் கதவைச் சாத்தி, அடுத்த அறையில் ஜெனரேட்டரை ஓட விட்டுப் படுத்ததும், எழுப்பப் போனவர்கள் அசந்த நித்திரை என்று நினைத்துத் திரும்பி வந்ததும். அந்தப் புகைக்கு ஆளைக் கொல்ல மணம்கூடத் தேவையில்லை வாப்பா என்றாய். அங்கே தெரிந்த உனக்கு, இங்கே உன் பிள்ளை இருக்கிற அறையில் அது ஏன் தெரியாமல் போனது. கோபத்தில் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மகன்.

இஷாமிடம் போனேன். மெசினை மைதானத்துக்கு மாற்றுங்கள், அடைத்த மேல்சுவர்த் துவாரங்களைத் திறவுங்கள் என்றேன். ஹாஜியார், உங்கட மனிசிர பேரில குடுத்த சுவர நாங்க எப்பிடி உடைக்கிற, மௌத்தானவங்கட நன்மைக்குக் குடுத்த பொருள்ல கை வைக்கேலாது, மகன் ஒரு சொல் சொல்லட்டும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஊரில் எல்லாருக்கும் இதே மரியாதைதான். ஜெமீலா டீச்சருக்கும் தலையிடி, ஆனால் வாயைத் திறக்கமாட்டா. நஸ்ஹாவை வீட்டில் நிறுத்து என்று றுக்ஷானாவுக்குச் சொன்னேன். மாமா, கட்டிக் குடுத்தவர்ர மகளே போகாட்டி ஊரு என்ன கதைக்கும் என்று அழுகிறாள். உன் உம்மாவை எனக்குத் தெரியும். பிள்ளைகள் வாடுகிற நன்மை அவவுக்கு ஒருநாளும் வேண்டியிருக்காது. பேர் கல்லில் இருந்தாலென்ன, விழுந்தாலென்ன.

கடிதம் கண்டவுடன் இஷாமுக்குப் பேசு. மெசினை நிறுத்தச் சொல்லு, பிறகு மற்றதைப் பார்க்கலாம். சங்கத்தார் மனம் நோவார்களே என்று யோசிக்காதே. ஓட்டமாவடிக்காரருக்கும் சொல்லிவிடு. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, சுபஹுத் தொழுகையை நேரம் தவறவிட்டுக் களா ஆக்காதே, வெயிலில் கூரைமேல் ஏறுகிற வேலையை இளம் பொடியன்மாருக்கு விடு. அல்லாஹ் உன் உழைப்பில் பறக்கத்தையும் உடம்பில் சுகத்தையும் தரட்டும். நீ செய்தது நல்ல எண்ணத்தில் செய்தது, அது எனக்குத் தெரியும்.

உன் மேல் துஆவோடு,
வாப்பா
ஆ. அப்துல் கபூர்

திங்கள் காலை. றிஸ்லான் வாசலில் நிற்கிறான். கடிதத்தை ஒட்டப்போகும்போது கரண்ட் போய்விட்டது. நஸ்ஹா நேரத்தோடு போய்விட்டாள், இன்றைக்குப் பரீட்சையாம். பள்ளிக்கூடப் பக்கமிருந்து மெசின் இரைகிறது, கொஞ்ச நேரமாகவே இரைகிறது. பூட்டையும் சுவரையும் உடைக்க நான் அலவாங்கை எடுத்துக்கொண்டு போகிறேன். இதை நீ பிரித்து வாசிக்குமுன் உனக்கு இங்கேயிருந்து போன் வந்திருக்கும்.