குத்தூசியும் கோடிட்ட இடமும்

2010 செப்டம்பர் 12, ஞாயிறு

மழை. வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். எல்லோரும் என்றால் மூன்று பேர்: நான், மகன் தியாகராஜா, மருமகள் பாலாம்பிகை.

முதியோர் வகுப்பில் ஹபீலா டீச்சர் சொன்னார்: "சின்னமுத்து ஐயா, தெனம் ஒரு வரியாவது எழுதுங்க. விட்டா கை மறந்துரும்." நாற்பத்தைந்து வருஷம் கண்டி மார்க்கெட்டில் நாட்டாமியாக மூட்டை சுமந்த கை இது. எளிதில் மறக்காது. இருந்தாலும் எழுதுகிறேன். எழுபத்தோரு வயதில் எனக்கு வாய்த்த முதல் டீச்சர். கோபப்படுத்தக் கூடாது.

வீட்டு விஷயம். பாலாம்பிகை பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றிப் படிப்பிக்கிறாள். தற்காலிக வேலை. அமெரிக்காவில் மேற்படிப்புக்குப் போனால்தான் வேலை நிலைக்கும். அதற்கு ஒரு சோதனை. ஜூலையில் எழுதினாள். கணக்கில் ஏறக்குறைய முழுப் புள்ளி. இங்கிலீசுச் சொற்களில் 380. அவள் கேட்கும் இடத்தில் 450 வேண்டுமாம். டிசம்பர் நான்காம் தேதி மறுபடி எழுதுகிறாள். இதிலும் தவறினால் இந்த வருஷ விண்ணப்பம் போச்சு. வேலையும் போச்சு.

இவ்வளவு எழுத ஒரு மணி நேரம் ஆனது. தேத்தண்ணி ஆறிவிட்டது. ஆறட்டும்!

செப்டம்பர் 13, திங்கள்

நேற்று எழுதியதை இன்று வாசித்தேன். எல்லாம் அப்படியே இருக்கிறது!

செப்டம்பர் 25, சனி

சோதனை எப்படி என்று பாலாம்பிகை எனக்கு விளங்கப்படுத்தினாள். ஒரு வாக்கியம். நடுவில் ஒரு சொல்லை எடுத்துவிட்டுக் கோடு போட்டிருக்கிறார்கள். கீழே ஐந்து சொற்கள். ஒன்றுதான் சரி.

"எழுதினவனுக்கு அந்தச் சொல்லு தெரியுந்தானே? அப்புறம் ஏன் எடுத்தான்?"

"என்னை மாதிரி ஆளுங்கள அழ வைக்கத்தான் மாமா."

விடைப் பக்கம் என் கையில். இங்கிலீசில் எனக்கு ஏ, பி, சி, டி, ஈ மட்டும் தெரியும். அது போதும். அவள் எழுத்தைச் சொன்னால் நான் சரி, பிழை சொல்வேன். பிழை என்று சொல்லும்போது என் குரல் தானாகவே இறங்கிவிட்டது.

"சத்தமாச் சொல்லுங்க மாமா. நான் ஒடைஞ்சு போயிரமாட்டேன்."

பத்தில் நான்கு. ஐந்நூறு சொற்களைச் சின்னச் சின்ன அட்டையில் எழுதிப் பாடமாக்கி வைத்திருக்கிறாள். அட்டையைக் காட்டினால் பொருளைச் சொல்கிறாள். வாக்கியத்துக்குள் வந்தால் வழி தவறிவிடுகிறாள். ஏன்?

தியாகராஜா வேலை முடிந்து வந்தான். பத்தில் நான்கு என்று கேட்டதும், "எடம் கெடைச்சாலும் நீ போனா அப்பாவ யாரு பாக்கிறது?" என்றான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைத்தான் சொல்கிறான் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பார்த்துக்கொண்டே இருப்பதற்கு நான் என்ன, பெரஹரா ஊர்வலமா?

அக்டோபர் 3, ஞாயிறு

இன்று நடந்ததைக் கட்டாயம் எழுத வேண்டும்.

பாலாம்பிகை தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை ஈரம். "மாமா, புத்தகத்த என் கண்ணுக்கு நேரா பிடிங்க" என்றாள். பிடித்தேன். என் கட்டைவிரல் மண்வெட்டிப் பிடி மாதிரி. ஐந்து சொற்களும் அதன் கீழே போய்விட்டன.

"மாமா, வெரல எடுங்க. கீழ உள்ளது தெரியல."

"மேல உள்ளது தெரியுதா?"

"தெரியுது."

"அது என்ன சொல்லுது? எனக்குத் தமிழ்ல சொல்லேன்."

எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை, அதனால்தான் கேட்டேன். அவள் அலுத்துக்கொண்டே சொன்னாள்: அந்த அதிகாரி பேச வேண்டிய இடத்தில்கூடப் பேசமாட்டார், அவருடைய கோடு போட்ட குணம் எல்லோருக்கும் தெரிந்தது.

"கோட்டுல என்ன வரும்?"

"வாயத் தெறக்காத குணம்."

"இப்பப் பாரு." விரலை எடுத்தேன்.

அவள் கண் நேரே ஒரு சொல்லில் போய் நின்றது. மற்ற நான்கையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரெடிசன்ஸ்!" என்று கத்தினாள். சரி!

அடுத்த கேள்விக்கு விரலை வேண்டுமென்றே வைத்தேன். அதற்கடுத்ததற்கும். பத்தில் எட்டு. தேங்காய் துருவாமல் கிடந்தது. அவள் சொன்னாள்: "நான் மொதல்ல அந்த அஞ்சையுந்தான் பாக்குறேன் மாமா. ஒவ்வொண்ணும் என்னையப் போடு, என்னையப் போடுன்னு கையப் பிடிச்சு இழுக்குது. வாக்கியமே மறந்துருது."

இது எனக்குத் தெரிந்த விஷயம். மூட்டைகளில் கடைக்கு ஒரு குறி நீலச் சாயத்தில் போட்டிருக்கும். மழை பெய்தால் சாயம் கரைந்து எல்லாக் குறியும் ஒன்றுபோல ஆகிவிடும். மற்றவர்கள் குனிந்து குறியைப் பார்த்துச் சண்டை பிடிப்பார்கள். நான் மூட்டையைத் தோளில் ஏற்றுவேன். எந்த லொறியில் வந்தது, என்ன கனம், என்ன மணம்? யாருடைய சரக்கு என்று தெரிந்துவிடும். கடைசியில்தான் குறியைப் பார்ப்பேன்.

அக்டோபர் 10, ஞாயிறு

புத்தகத்தில் உள்ள வாக்கியங்கள் முடிந்துகொண்டு வருகின்றன. "இனி நான் எழுதித் தாறேன்" என்றேன். அவள் ஒரு இங்கிலீசுச் சொல்லின் பொருளைச் சொல்வாள், நான் தமிழில் வாக்கியம் எழுதிக் கோடு போடுவேன். ஒரு வாரம் கழித்துக் காட்டினால் அவள் இங்கிலீசுச் சொல்லைச் சொல்ல வேண்டும்.

முதல் பொருள், பிடிவாதம். நான் எழுதியது: பக்கத்து வீட்டு இராமநாதன் ____ பிடித்தவர்.

அவள் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து பூனை ஓடிவிட்டது. "மாமா, இதுல பைத்தியம், குடை, மீன் எதப் போட்டாலும் சரியா வருதே!"

அரை நாள் யோசித்தேன். பிறகு எழுதினேன்: கூரை ஒழுகுகிறது, ஊரே ஏணி கொண்டுவந்து நிற்கிறது, இராமநாதனோ ஒழுகவே இல்லை என்று சொல்லிக் குடையைப் பிடித்துக்கொண்டு சோறு சாப்பிடுகிறார், அவர் ஒரு ____.

பாலாம்பிகை சிரிக்கவில்லை. இரண்டு தடவை வாசித்தாள். "இதுல வேற எதுவும் போட முடியாது மாமா."

வெளியே நிற்கும் ஒரு சொல்லை உள்ளே இருக்கும் அத்தனை சொற்களும் சேர்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்படித்தான் வாக்கியம் கட்ட வேண்டும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன். நான்!

அக்டோபர் 24, ஞாயிறு

நாற்பத்தொன்பது வாக்கியம் ஆகிவிட்டது. ஐம்பதாவது, அளவில்லாமல் பேசுகிறவர். நான் எழுதியது: ஸெய்னுலாப்தீன் முதலாளியிடம் காலையில் மணி கேட்டால் பதில் முடியும்போது வேறு மணி ஆகிவிடும், அவர் ஒரு ____.

எழுதிய மை காயவில்லை, திகனவிலிருந்து அவரே வந்துவிட்டார். முன்பு அவர் கடைக்கு நான் மூட்டை இறக்கியவன். இப்போது இரண்டு பேருக்கும் வேலை இல்லை, மாதம் ஒரு தடவை வருவார். கொப்பியை எடுத்து வாசித்தார்.

"அல்லாஹ்வே! சின்னமுத்து, நான் அவ்வளோ பேசுறவனா? நீங்க எழுத்துப் படிச்சது என்னைய அமெரிக்கா வரைக்கும் நாறடிக்கவா? கேளுங்க மகள், நான் எளசா இருந்த காலத்துல என் வாப்பா சொல்லுவாரு..."

அவர் போகும்போது மணி ஐந்தரை. வந்தது இரண்டு மணிக்கு. பாலாம்பிகை கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்துகொண்டு சொன்னாள்: "கெருலஸ். இனி செத்தாலும் மறக்காது மாமா."

நவம்பர் 5, வெள்ளி

தீபாவளி. முறுக்கு கொஞ்சம் கருகல். இன்று படிப்பு இல்லை.

நவம்பர் 13, சனி

எழுத மனமில்லை. இருந்தாலும்—

இன்று வீட்டில் முழுச் சோதனை வைத்தோம். தியாகராஜா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தான். முப்பது கேள்வி, முப்பது நிமிஷம். அவன் "நேரம் சரி" என்றபோது அவள் இன்னும் பதினொரு கேள்வியைத் தொடவே இல்லை. செய்ததெல்லாம் சரி. ஆனால் பதினொன்று வெறுமையாகக் கிடந்தது.

"ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழாக்கிக்கிட்டு இருந்தா நேரம் போகாதா?" என்றான் தியாகராஜா. "அப்பாக்கு வெளையாட்டு. ஒனக்கு அது வாழ்க்கை."

அவள் புத்தகத்தை மூடிவிட்டு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் நல்லது, அழுகிறது கேட்டிருக்காது.

அவன் சொன்னது சரியா? எனக்கு எழுத்து வந்த சந்தோசத்துல புள்ளையோட ரெண்டு மாசத்தத் தின்னுட்டேனா? யாரு என்னைய வெரல வைக்கச் சொன்னது?

நவம்பர் 14, ஞாயிறு

புத்தகம் மேசையில் மூடியபடியே கிடந்தது.

நவம்பர் 15, திங்கள்

காலையில் மார்க்கெட் பக்கம் போனேன். சும்மா போனேன், காரணம் இல்லை. அரிசிக் கடை வாசலில் ஒரு லொறி நின்றது. கடைக்காரர் கையில் குத்தூசி. முன்பக்கம் கூர், நடுவில் வாய்க்கால் மாதிரி குழிந்த இரும்பு. மூட்டையில் ஒரு குத்து. இழுத்தால் குழியில் ஒரு பிடி அரிசி. உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார், அடுத்த மூட்டைக்குப் போனார். ஐம்பது மூட்டைக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

என் வாழ்நாள் முழுக்கப் பார்த்த காட்சி. இன்றுதான் அது என்னைப் பார்த்தது.

பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. ஆட்டோவில் வந்தேன். பாலாம்பிகை வேலைக்குப் போகச் சேலை கட்டி நின்றாள்.

"புள்ள, அரிசி நல்லதான்னு பாக்க மூட்டைய அவுத்துக் கொட்டுறாங்களா?"

"என்ன மாமா, காலங்காத்தால?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"இல்ல. குத்திப் பாப்பாங்க."

"நாம கொட்டிக்கிட்டு இருந்தோம். முழு வாக்கியத்தையும் தமிழாக்க வேணாம். இங்கிலீசுல வாசி. கோடு வர்ற எடத்துல மட்டும் ஒரு குத்து. ஒரே ஒரு தமிழ்ச் சொல்லு. நல்லவனா, கெட்டவனா? கூடுதா, கொறையுதா? அவ்வளவுதான். எடுத்துக்கிட்டு அடுத்த மூட்டைக்குப் போ."

அவள் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். சேலையோடு ஆறு கேள்வி செய்தாள். நான் விரல் வைத்தேன். "கஞ்சன்." எடு. "கூடுது." எடு. "பயம்." எடு. ஆறும் சரி. நான்கு நிமிஷம்.

பல்கலைக்கழக பஸ்ஸை விட்டுவிட்டாள். கவலைப்படவே இல்லை.

நவம்பர் 27, சனி

மறுபடி முழுச் சோதனை. மறுபடி தியாகராஜாவின் கடிகாரம். முப்பதும் முடித்து இரண்டு நிமிஷம் மிச்சம். இருபத்தைந்து சரி.

தியாகராஜா திருத்திய தாளை மூன்று தடவை எண்ணினான். பிறகு, "நாலாந் தேதிக்கு லீவு போட்டுட்டேன். கொழும்புக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான். அவன் இவ்வளவு நீளமாகப் பேசிப் பல நாள்.

டிசம்பர் 4, சனி

விடியுமுன்னே இரண்டு பேரும் ரயிலுக்குப் போனார்கள். நான் சோறு ஆக்கினேன். குழைந்துவிட்டது. கூட்டினேன். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினேன்.

இரண்டேகாலுக்கு டெலிபோன். சோதனை முடிந்தவுடனே கம்ப்யூட்டரே புள்ளி காட்டிவிடுமாம். முதலில் ஒரே பஸ் சத்தம். பிறகு அவள் குரல்.

"மாமா! ஐந்நூத்தி முப்பது!"

"எவ்வளவு?"

"ஐந்நூத்தி முப்பது மாமா! அஞ்சு, மூணு, சைபர்!"

நான் கையில் எழுதிக்கொண்டேன். 530. தப்பாகக் கேட்டிருக்கக் கூடாது என்று அவளைத் திரும்பச் சொல்ல வைத்தேன். அதே எண்தான்.

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மொதல் கேள்விக்கே ஸ்க்ரீன்ல கீழ் பாதியக் கையால மறைச்சுட்டேன். மேற்பார்வையாளரம்மா ஓடி வந்துட்டாங்க. என்ன மறைக்கிறீங்கன்னு கேட்டாங்க. விடைய மறைக்கிறேன்னேன். யாருக்குத் தெரியக் கூடாதுன்னு கேட்டாங்க. எனக்குத்தான்னேன்! அவங்க என் முகத்தையே பாத்தாங்க. கைய எடுக்கச் சொல்லிட்டாங்க. அப்புறம் முழுக்கக் கண்ணக் கீழ எறக்காமலே வாசிச்சேன். கழுத்து சுளுக்கிருச்சு மாமா."

குழைந்த சோற்றை நான் ஒருவனே முழுக்கச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசி.

டிசம்பர் 5, ஞாயிறு

இன்று வகுப்பில் ஹபீலா டீச்சர் என்னை எழுப்பி, விரல் வைத்துப் படித்த கதையை எல்லோருக்கும் சொல்லச் சொன்னார். சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். எதற்கு என்று சிலருக்கு விளங்கவில்லை. அவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள்.

2011 மார்ச் 22, செவ்வாய்

இடம் கிடைத்துவிட்டது. கடிதம் கம்ப்யூட்டரில் வந்தது. தியாகராஜா அதை அச்செடுத்துக்கொண்டு வந்தான். உபகாரச் சம்பளமும் உண்டாம்.

பாலாம்பிகை சந்தோசத்தை முழுதாகக் காட்டவில்லை. சோறு பரிமாறும்போது தியாகராஜாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "மாமாவ யாரு பாக்கிறது?"

அவன் வாய் திறக்குமுன் நான் சொன்னேன்: "நான் இவனப் பாத்துக்கிறேன். இவன் என்னையப் பாத்துக்கட்டும். நீ மண்ணப் பாரு."

அவன் சோற்றைப் பிசைந்தபடி தலையை ஆட்டினான். "போயிட்டு வா" என்றான். அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். நல்ல அழுகை. கதவும் திறந்தே இருந்தது.

2011 செப்டம்பர் 3, சனி (அங்கே இன்னும் வெள்ளி)

காலை எட்டு மணி. பாலாம்பிகை அமெரிக்கா போனதும், அவள் இருக்கும் ஊர் நேரத்துக்குத் தியாகராஜா சுவரில் இரண்டாவது கடிகாரம் மாட்டியிருக்கிறான். அதில் ஒன்பதரை. நேற்று இரவு ஒன்பதரை.

சாம்பாரில் நேற்று உப்பு கூடிவிட்டது. அவன் மோர் ஊற்றிச் சாப்பிட்டான். இன்று அவன் முறை. பருப்பு வேகிற மணம் வருகிறது.

இங்கே வெயில் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு இராமநாதன் ஒரு வழியாக ஆள் பிடித்துக் கூரையைப் பிரிக்கிறார். வடக்கு மூலையில் ஓடு இறங்குகிறது. இதெல்லாம் சனிக்கிழமை நடப்பவை. அவளுக்குச் சனிக்கிழமை இன்னும் வரவில்லை. இதைத் தியாகராஜா கம்ப்யூட்டரில் அனுப்புவான். விடிந்ததும் அவள் வாசிக்கட்டும் என்று, சனிக்கிழமை எப்படி இருக்கிறது என்பதை நான் முந்திக்கொண்டு எழுதி வைக்கிறேன்.