ஆறரை மணி முதுகு

ஜனவரி 8, வியாழன்

பனி. காட்பாடி பிளாட்பாரத்தில் எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. குளிர் வந்தால் என் சொரியாசிஸுக்கு வருடாந்திர விழா. முழங்கை, முழங்கால், தலை. எல்லாவற்றையும் விட முதுகு.

அரை நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரி. கூட மனைவி ஸ்டெல்லா. புது டாக்டரம்மா, வயது என் சர்வீஸை விடக் கொஞ்சம்தான் அதிகம் இருக்கும். என் பழைய ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படித்தார். இவ்வளவு பொறுமையான வாசகியை இதுவரை கண்டதில்லை. பதினாறு வருடத்தில் செய்து பார்த்தவற்றைக் கேட்டார். சொன்னேன்:

வெட்பாலைத் தைலம். பலன், எட்டு பனியன் ஊதா.
ஹோமியோபதி உருண்டை. இனிப்பாக இருந்தது.
வாரம் ஒரு மாத்திரை. தோல் சம்மதித்தது, ஈரல் சம்மதிக்கவில்லை.
ஒளிச் சிகிச்சை. வேலூரில் பிறந்தவனுக்கு வெயில் போதவில்லை என்று பெட்டிக்குள் நிற்க வைத்தார்கள்.
கத்தரிக்காய் விலக்கு, மூன்று வருடம். கத்தரிக்காய் நிரபராதி என்று இன்று தெரிந்தது.

இனி பயாலஜிக் ஊசி. முதல் ஐந்து வாரம் வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் மாதத்துக்கு ஒரு தடவை. "உங்க உடம்பே உங்க தோல எதிரின்னு நெனச்சு சண்ட போடுது சார். அந்தச் சண்டைய நிறுத்தப் போறோம், அவ்ளோதான்." விலையும் சொன்னார். அதை இந்த நோட்டில் எழுதுவதில்லை என்று தீர்மானம்.

முதலில் சோதனைகள். ரத்தம், காமாலை, காசநோய், மார்பு எக்ஸ்ரே. எங்கள் கம்பெனியிலிருந்து இத்தாலி போகும் தோலுக்குக்கூட இத்தனை சோதனை கிடையாது.

ஸ்டெல்லா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எப்ப டாக்டர் தெரியும்?"

"மூணு மாசம் பாப்போம்மா."

விரல் விட்டு எண்ணினாள். கணக்கு டீச்சர் விரல் விட்டு எண்ணுவது அபூர்வம். ஏப்ரலில் வந்து நின்றாள்.

ஜனவரி 10, சனி

மோட்டார் ரிப்பேர். ஆள் வரவில்லை.

மாலை ஆறரை. வழக்கம்போல நான் ஸ்டூலில், சட்டை இல்லாமல், காலண்டரைப் பார்த்தபடி. பின்னால் ஸ்டெல்லா, களிம்போடு. முதுகு என் கைக்கு எட்டாது என்பதால் பதினாறு வருடமாக அவள் பொறுப்பு. அரை மணி நேரம் ஆகும்.

எதிரே உட்கார்ந்தால் ஸ்டெல்லா மரியாதையான பெண்மணி. "சாப்டீங்களா", "கரண்ட் பில் கட்டியாச்சா", அத்தோடு சரி. முதுகைப் பார்த்தால்தான் பேச்சு வரும். பையனை இன்ஜினியரிங் சேர்க்க வேண்டாம் என்றது முதுகிடம். அவள் அப்பா இறந்தபோது ஏன் அழவில்லை என்றது முதுகிடம். என் அக்காவைப் பற்றிய உண்மைகள் அனைத்தும் முதுகிடம். "அது திருப்பிப் பேசாது. அதான் அதுங்கிட்ட எனக்குப் புடிச்சது."

இன்று முதுகுக்குச் செய்தி: "லிஸ்ட் வந்துடுச்சுங்க. என் பேரு இருக்கு. ஏப்ரல்ல கலந்தாய்வு."

தலைமை ஆசிரியை. இந்தப் பதவி உயர்வு ஏற்கெனவே இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். கடிதம் இரண்டையும் டைப் செய்தது நான்தான். 'சொந்தக் காரணங்களால்.' சொந்தக் காரணத்தின் நீளம், தோளிலிருந்து இடுப்பு வரை.

பக்கத்துப் பள்ளிகளை சீனியர்கள் எடுத்துக்கொள்வார்கள். இவளுக்கு மிஞ்சுவது ஒடுகத்தூர் தாண்டி மலைமேல் ஏதாவது. போனால் வாரத்தில் ஐந்து நாள் அங்கேயே தங்க வேண்டும்.

"இந்தத் தடவ விட்டா அவ்ளோதான். அப்றம் நேரா ரிட்டயர்மென்டு."

"போ" என்றேன்.

"முதுக யாரு பாப்பா?"

"ஊசி பாக்கும்."

கை இன்னும் கொஞ்சம் களிம்பு எடுத்தது. பிறகு தேய்த்தது.

ஆக, ஊசி வேலை செய்தால் அவள் தலைமை ஆசிரியை, நான் தனிக்கட்டை. செய்யாவிட்டால் மூன்றாவது கடிதம். இதில் எதற்காக ஜெபிப்பது என்று நாளை சர்ச் ஆராதனையில் ஐயரிடம் கேட்கலாம். கேட்க மாட்டேன்.

ஜனவரி 22, வியாழன்

சோதனைகளில் தேறினேன். முதல் ஊசி. பேனா மாதிரி இருக்கிறது. ஒரு வேளைக்கு இரண்டு பேனா. நர்ஸ் இருவருக்கும் பாடம் எடுத்தார். "மூடியக் கழட்டி, தொடையில நேரா வச்சு அழுத்துங்க. டக்குனு ஒரு சத்தம் வரும். ரெண்டாவது டக்கு கேக்குற வரிக்கும் எடுக்கக் கூடாது." ஸ்டெல்லா நோட்டில் எழுதிக்கொண்டாள், படம் போட்டு.

முதல் பேனா நான். இரண்டாவது ஸ்டெல்லா. நான் போட்டதில் வலியே இல்லை. அவள் போட்டது நன்றாக வலித்தது. "எப்டி இருந்துது?" என்றாள். உன்னுடையதுதான் தேவலை என்றேன். அடுத்த வாரத்திலிருந்து வீட்டில் அவளே போடுவதாக முடிவாயிற்று.

ஃப்ரிட்ஜ் இரண்டாம் தட்டு: இட்லி மாவு, பால், மருந்துப் பெட்டி. மருந்துப் பெட்டிமேல் ஸ்டெல்லா ஒட்டிய சீட்டு: 'தொடாதே'. வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

ஜனவரி 23, வெள்ளி

பனி குறைவு. ரயில் தாமதம். ஆபீஸில் ஜெர்மனிக்காரனுக்குப் பதில் எழுதினேன்.

என் வேலை ஆம்பூர் ஷூ கம்பெனியின் ஏற்றுமதிக் கடிதங்கள். ஷூ பெட்டியில் ஒரு சின்ன அட்டை இருக்கும்: 'இத்தோலில் காணப்படும் தழும்புகளும் நிற வேறுபாடுகளும் குறைகள் அல்ல, இயற்கைத் தோலின் அடையாளங்கள்.' ஆங்கிலத்தில் அதை எழுதியது நான். வெளிநாட்டில் லட்சக்கணக்கில் அச்சான என் ஒரே படைப்பு. யாரும் படிப்பதில்லை. அந்த வகையில் மற்ற எழுத்தாளர்களுக்கும் எனக்கும் வித்தியாசமில்லை.

சாப்பாட்டு நேரத்தில் இம்தியாஸ் பாய். தோலைத் தரம் பிரிப்பவர். முப்பது வருடமாக வடக்கு ஜன்னல் ஓரம் அதே மேசை, அதே வெளிச்சம். ஒரு பார்வை, ஒரு தடவல், தரம் சொல்லிவிடுவார். ஆட்களையும் அப்படியே.

"இன்னா சார், ஊசி போட்டுக்கினியாமே. எப்ப பளபளன்னு ஆவ?"

"மூணு மாசம் பாய்."

"மூணு மாசமா! நம்ம தோலு ஊற வைக்கிற ட்ரம்முல எறங்கு. மூணே நாளு."

பிப்ரவரி 5, வியாழன்

மூன்றாவது ஊசி. கண்ணாடியில் வித்தியாசம் தெரியவில்லை. டாக்டரம்மா பொறு என்கிறார். தரகர்களும் அதைத்தான் சொல்வார்கள்.

ஸ்டெல்லா, ஆறரை மணிக்கு: "கண்ணுக்குத் தெரியலீங்க. கைக்குத் தெரியுது. மேடு கம்மியாயிருக்கு."

காலையில் படுக்கை விரிப்பை உதறினால் ஒரு கைப்பிடி அவல் போல் செதில் விழும். இன்று ஒரு சிட்டிகை. பெருக்கி முறத்தில் எடுத்து என்னிடம் கொண்டுவந்து காட்டினாள், பரிசுக் கோப்பை மாதிரி. இதையெல்லாம் காட்டி மகிழும் ஒரு ஜீவனை எனக்கு யார் தேடிக் கொடுத்தது. என் அக்காதான். அக்காவைப் பற்றிய உண்மைகளில் இதையும் சேர்க்க வேண்டும்.

பிப்ரவரி 19, வியாழன்

ஐந்தாவது ஊசி. காலையில் டாக்டரம்மா முதுகைப் பார்த்து, "ஆஹா" என்றார். என் முதுகு இதுவரை வாங்கிய ஒரே பாராட்டு. களிம்பை நிறுத்தச் சொல்லிவிட்டார். தேவையே இல்லையாம்.

ரம்ஜான் நோன்பு ஆரம்பம். பாய் தூக்கில் கஞ்சி கொடுத்தனுப்பினார்.

மாலை ஆறரை. பழக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். பழக்கத்தில் அவள் கை கழுவி வந்தாள். இருவரும் நின்றோம். பிறகு எதிரெதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்தோம்.

"சாப்டீங்களா?" என்றாள்.

கஞ்சி கிண்ணம் என் கையில்தான் இருந்தது.

மார்ச் 4, புதன்

வெயில் வந்துவிட்டது. பாலாற்றில் மணல் மட்டும்.

இரண்டு வாரமாக வீட்டில் பேசப்பட்டவை: பால்காரர், மோட்டார் (மறுபடி), விடைத்தாள் கட்டு, வெளியூரில் இருக்கும் பையனுக்கு ஊறுகாய். கலந்தாய்வு பற்றி ஒரு சொல் இல்லை. கேட்டால், "பாக்கலாங்க."

உடம்பு தேறிக்கொண்டே வருகிறது. வீட்டில் சத்தம் குறைந்துகொண்டே வருகிறது. பக்க விளைவுகள் என்று மருந்துப் பெட்டியில் ஒரு நீளக் காகிதம் இருக்கிறது. முழுக்கப் படித்தேன். இது அதில் இல்லை.

மார்ச் 20, வெள்ளி

நேற்று மாத ஊசி. ஸ்டெல்லா கை இப்போதும் வலிக்கிறது. இப்போதும் சொல்லவில்லை.

செல்போனை அலமாரியில் சாய்த்து, முதுகைப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டேன். இடுப்புக்கு மேல் ஒரு திட்டு மிச்சம். மங்கல்.

ஏப்ரல் 4, சனி

கலந்தாய்வு பதினொன்றாம் தேதி.

ஐந்தரைக்கு, அவள் டியூஷன் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தபோது, நான்கு கோணத்தில் படம். பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பதினாறு வருடத்தில் முதல் தடவை, ஒன்றுமே இல்லை. அறையில் தனியாக ஒரு மாதிரி ஆகிவிட்டது. முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அவளிடம் சொல்லவில்லை. அவளே பார்க்கட்டும் என்று ஆசை. சட்டையைக் கழற்றி, "பாத்து சொல்லு" என்றேன்.

ஜன்னல் பக்கம் திருப்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கீழ ஒண்ணு இருக்குங்க."

"எவ்ளோ?"

"அஞ்சு ரூபா அளவு." விரலால் தொட்டு, "பெருசாத்தான் இருக்கு. இப்டியே விட்டுட்டு எப்டிப் போறது?"

களிம்பை எடுத்து வந்தாள். ஒன்றுமில்லாத ஓர் இடத்தில் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தாள். ஆறு வாரம் கழித்து பேச்சும் வந்தது. மிஞ்சுற மலைப் பள்ளிக்கு ஒரு நாளைக்கு ரெண்டு பஸ்தானாம். போன வருஷம் இருந்த ஹெச்.எம். மூணே மாசத்துல மாத்தல் வாங்கினு போய்ட்டாராம். அம்பத்தோரு வயசுல தனியா ஒரு ரூம் எடுத்து, ஒரு டம்ளர் அரிசி வச்சு... "பயமா இருக்குங்க. பசங்களப் பாத்து இல்ல. சாயங்காலத்தப் பாத்து."

இருபது நிமிடம். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லாத அந்தப் புள்ளிக்கு நன்றியாக இருந்தது.

பழைய கடிதம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. தேதியை மட்டும் மாற்றினால் போதும். அவள் போக மாட்டாள், ஸ்டூல் போகாது, குற்றம் என் தோல்மேல். யாருக்கும் நஷ்டமில்லை, அவளைத் தவிர.

இருபத்து மூன்று வருடமாக, இருக்கிற குறையை இல்லை என்று எழுதிப் பிழைக்கிறேன். இல்லாத குறையை இருக்கிறது என்று சொல்பவரை இப்போதுதான் சந்திக்கிறேன்.

ஏப்ரல் 6, திங்கள்

நேற்று ஈஸ்டர். இன்று நூறு டிகிரிக்கு மேல் இருக்கும்.

போட்டோவைக் காட்டினால் வெளிச்சம் சரியில்லை என்பாள். மூன்றாம் ஆள் சான்று வேண்டும். ஏற்றுமதியில் அதுதான் முறை. சாப்பாட்டு நேரத்தில் பாயிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அவ்ளோதான? கழட்டு சட்டைய."

வடக்கு ஜன்னல் மேசைமேல் குனிய வைத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டார். கட்டைவிரலால் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு தடவல். நல்ல ஆட்டுத்தோலுக்குக் கொடுக்கும் மரியாதை.

"நெறம் அங்கங்க கொஞ்சம் கம்மி ஜாஸ்தி. போய்டும். மத்தபடி சுத்தம்."

"கீழ அஞ்சு ரூபா அளவுக்கு?"

"அஞ்சு பைசா அளவுக்குக்கூட இல்ல. தோளாண்ட ஒரு தழும்பு இருக்கு."

"சின்ன வயசுல சைக்கிள்ல விழுந்தது."

"அது குறையில்ல. நீயேதான அட்டையில எழுதிக்கினு இருக்க." முதுகில் ஏதோ குறுகுறுத்தது. "போ தோஸ்த். தங்கச்சிய வேலைக்கு அனுப்பு. பேஜார் பண்ணாத."

மாலை, வீடு. எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தபடி சட்டையைக் கழற்றினேன்.

"இன்னாங்க இது?"

"எது?"

"முதுகுல 'ஏ'ன்னு எழுதியிருக்கு. இங்கிலீஷு ஏ. நீலத்துல."

தரம் பார்த்ததும் மெழுகுக் குச்சியால் குறி போடுவது பாயின் முப்பது வருடப் பழக்கம். கை சும்மா இருக்காது. அதைச் சுமந்துகொண்டு ஆம்பூரிலிருந்து காட்பாடி வரை வந்திருக்கிறேன்.

சொன்னேன், எல்லாவற்றையும்.

"என் முதுக அந்தாளுக்கு எதுக்குக் காட்டினீங்க?"

என் முதுகு என்றாள். திருத்தவில்லை. பதினாறு வருட அனுபோகம், பாத்தியதை அவளுக்குத்தான்.

தேங்காய் எண்ணெய் தொட்டுக் குறியை அழிக்க ஆரம்பித்தாள். மெழுகு சீக்கிரம் போகாது.

"பொய் சொன்னேன்" என்றாள்.

"தெரியும்."

"எப்பத்துலேந்து?"

"அன்னிக்கேதான். போட்டோ எடுத்து வச்சிருந்தேன்."

"அப்ப ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீ பேசிக்கினு இருந்தியே."

உள்ளங்கையால் ஓங்கி ஒன்று வைத்தாள். இதற்கு முன் இந்த முதுகில் அடிக்க இடமிருந்ததில்லை.

ஏப்ரல் 11, சனி

கல்வி அலுவலகம். காலை ஒன்பதிலிருந்து வேப்பமரத்தடியில் கணவர்கள், பதினோரு பேர். எல்லோர் கையிலும் தண்ணீர் பாட்டில். ஒருவர் என் அரைக்கைச் சட்டையைப் பார்த்து, "புதுசா சார்?" என்றார். புதுசுதான்.

மூன்று மணிக்கு ஸ்டெல்லா வெளியே வந்தாள். கையில் காகிதம். மலைமேல்தான். பஸ் இரண்டேதான். திங்கட்கிழமை சேர வேண்டும்.

"எடுத்துட்டேங்க" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"சரி."

"வெள்ளிக்கெழம சாயந்திரம் வந்துருவேன்."

"சரி."

"ஊசி வியாழக்கெழம வருது."

"நானே போட்டுக்கறேன்."

"போட்டுக்கத் தெரியுமா?"

"ஏன் தெரியாம. நர்ஸ் சொல்லிக் குடுத்தாங்களே."

காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். பையின் ஜிப் சரியாக மூடவில்லை. இழுத்துப் பார்த்தாள்.

"தெரியாதுன்னு சொல்லுங்களேன்."

"தெரியாது" என்றேன்.

திங்கள்: டாக்டரம்மாவுக்குப் போன். ஊசியைச் சனிக்கிழமைக்கு மாற்ற முடியுமா.