செபஸ்தியாரின் அம்பு

மாம்புரி

குவைத்தில் இருக்கும் என்ர அன்பானவளுக்கு,

எங்கட பிள்ளை நிலானிக்குத் திரும்பவும் காய்ச்சல் எண்டதும், "நான் செபஸ்தியாருக்கு நேர்ந்து அனுப்பின அம்புக்கு முன்னால போய் மண்டாடுங்கோ" எண்டு நேற்றுப் போனில அழுதாய். ஓம் எண்டன். மிச்சத்தை இதில எழுதுறன்.

கடல் சரியில்லை. வள்ளம் இறங்கி மூண்டு கிழமை. வீட்டில இருந்து போனில பந்தயத் தளங்களைப் பார்த்தன். ஒண்டு போனஸ் குடுக்குது, இன்னொண்டு வெண்ட காசைக் கெதியாத் தருது. எல்லாத்திலயும் கிரிக்கெட். அம்பெய்யிற போட்டிக்குக் காசு கட்ட விட்டது ஒரு தளம்தான். அதைத் தெரிஞ்செடுத்தன். உடம்பெல்லாம் அம்பு வாங்கின எங்கட செபஸ்தியார், அம்பு விசயத்தில என்னைக் கைவிடுவாரா எண்டு நினைச்சன். முதல் ரெண்டு நாள் வெண்டனான்.

பிள்ளை டெங்குவில தப்பினதுக்கு நீ அனுப்பின பவுண் அம்பைக் கோயில் சுரூபத்தடியில வச்சிட்டன் எண்டு சொன்னேனே. வைக்கேல்லை. அதை வித்துத்தான் கட்டினன். எல்லாம் போச்சு.

இண்டைக்குக் கோயில் வாசல் மட்டும் போனன். உள்ளுக்குப் போகக் கால் வரேல்லை.

நீயே அங்கயிருந்து பிள்ளைக்காகக் கேள். செபஸ்தியாருக்கு உன்னோட கோபமில்லை.

பிள்ளையின்ர அப்பா