மஸ்கட்டிலிருந்து ஓடிய மோட்டார்

பாகூர்
பங்குனி 14

அன்பு மகன் அரிகரனுக்கு அம்மா எழுதுவது. நானும் இரண்டு மாடுகளும் சுகமாக இருக்கிறோம், முட்டிவலியை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் மூலநாதரைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். உன் தங்கை அர்ச்சனாவுக்கு ஏழாம் மாதம் நல்லபடியாகப் போகிறது. வாரத்துக்கு மூன்று தடவை போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்வாய், அதனால்தான். நிதானமாகப் படி.

அர்ச்சனாவைச் செக்கப்புக்கு அழைத்துப்போக, போன வாரத்துக்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை, வில்லியனூர் போயிருந்தேன் இல்லையா, மறுநாள் திரும்பி வந்து பார்த்தால் நம் நிலத்தில் வரப்பு வழியத் தண்ணீர். மோட்டார் போட நம் முறை திங்கள், புதன், வெள்ளி. செவ்வாயில் எப்படி ஓடியது என்று நான் திகைத்து நிற்கும்போதே நீ போன் போட்டு, "கதிர் காயுதுன்னு பொலம்பினியே, நேத்து நான்தான் இங்கேருந்து ஆறு மணி நேரம் மோட்டார் வுட்டேன், பார்த்தியாம்மா" என்று சிரித்தாய். நான் வயலுக்கு நடக்கக் கூடாது என்று நீ போன லீவில் ஆசையாக மாட்டிவிட்டுப் போன செல்போன் ஸ்டார்ட்டர். உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராமல் சரிப்பா என்று வைத்துவிட்டேன். அங்கேதான் என் தப்பு ஆரம்பம்.

நம் வாய்க்கால் ஓரத்தில் இருப்பது பதினோரு போர்வெல். ஒரு நாள் ஆறு, மறுநாள் ஐந்து, ஞாயிறு ஒன்றும் ஓடாது. முறைக்கு மூன்று மணி நேரம்தான் கணக்கு, நீ ஆறு மணி நேரம் விட்டதில் அன்று ஐந்து ஓட வேண்டிய இடத்தில் ஏழு ஓடின மாதிரி இழுத்திருக்கிறது நம் மோட்டார். ஆழம் குறைந்த போர் சாமிக்கண்ணுவுடையது, அவர் குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்றுதான் வந்திருக்கிறது. மல்லாட்டைச் செடியில் கடலை பிடிக்கிற நேரம். ஒரு காலத்தில் நம் வயலில் கூலிக்கு நட்ட மனிதர், இன்று தன் கையால் ஒரு துண்டு நிலம் பயிர் வைத்திருக்கிறார், அதுவும் வாடி நின்றது. பெரிய மோட்டார் புதிதாக இறக்கியவன் என்பதால் எல்லாரும் ராஜேஷ்தான் போட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். டீக்கடை நவீன்குமார் ஒரு பெட்டிஷனே எழுதிவிட்டான், "நம்ம ஆளுங்களுக்கு வாயால சொன்னா ஏறாது, கவர்மென்ட்டு வந்து எல்லா போருக்கும் மீட்டர் வச்சி பூட்டு போட்டாதான் அடங்குவானுங்க" என்று. நீயும் அதைத்தானே சொல்வாய், அங்கே எல்லாவற்றுக்கும் மீட்டர், மீறினால் ஃபைன், அதனால்தான் ஒழுங்கு என்று. உண்மையைச் சொல்கிறேன், நான் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. ராஜேஷ் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளில் போனதைப் பார்த்தும் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் நவீன்குமார் சொல்வது சரிதானோ என்று எனக்கே தோன்றியது.

வியாழக்கிழமை பீரோவைத் துடைக்கும்போது உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் கையில் கிடைத்தது. ரிசல்ட் வந்த அன்று உன் அப்பா செய்தது ஞாபகம் இருக்கிறதா? தலைகால் புரியாத சந்தோஷத்தில் கிழமை மறந்து மோட்டாரைப் போட்டுவிட்டார், மத்தியானம்தான் உறைத்தது. தண்ணீரில் உப்பு ஏறிய வருஷம் இந்த முறையை முதலில் பேசி எல்லாரையும் ஒத்துக்கொள்ள வைத்ததே அவர்தான். பார்ப்பதற்கு ஆள் கிடையாது, நோட்டுப் புத்தகம் கிடையாது, முறை தப்பியவன் தானே வந்து சொல்ல வேண்டும், அடுத்த இரண்டு முறை மோட்டார் போடக் கூடாது, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் லட்டுப் பெட்டியோடு வீடு வீடாகப் போனார். லட்டை நீட்டி, "பையன் பாஸு, நான் ஃபெயிலு, இன்னிக்கு முறை மாறி மோட்டார் போட்டுட்டேன்" என்று சொல்லச் சொல்ல ஊரே சிரித்தது. நீ வெட்கத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். எனக்கு அந்த முதுகும் அந்தச் சிரிப்பும் கண்ணிலேயே நிற்கிறது அரி. மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் மதகுக் கட்டையில் இருக்கும்போது போய், செவ்வாய் ஓடியது என் மோட்டார், ராஜேஷ் மேல் தப்பில்லை, இரண்டு நாள் மறைத்ததும் என் தப்பு என்று சொன்னேன். சாமிக்கண்ணு என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர், "ஐயோ, அந்தப் புள்ளய இன்னா பேச்சு பேசிட்டேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ராஜேஷ் வீட்டுக்குப் போய்விட்டார். நவீன்குமார் பெட்டிஷனைக் கிழிக்கவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். திங்களும் புதனும் நான் மோட்டார் போடவில்லை. மேட்டுத் துண்டில் கதிர் பால் பிடிக்காமல் கொஞ்சம் பதராகிவிட்டது. இருந்தாலும் போடவில்லை. போடுகிறேனா என்று யாரும் வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்டார்ட்டரிலிருந்து சிம்மைக் கழற்றி மஞ்சள் டப்பாவில் போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் அன்பு எனக்குத் தெரியும், ஆனால் மோட்டார் போடுகிறவன் பக்கத்து வயலையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போட வேண்டும், அது மஸ்கட்டிலிருந்து தெரியாது. நான் மெதுவாக நடந்து போய் என் கையாலேயே போட்டுக்கொள்கிறேன்.

வில்லியனூரில் இருந்தவள் எப்படி மோட்டார் போட்டாள் என்று சாமிக்கண்ணு ஒரு பார்வை பார்த்தார், கேட்கவில்லை. நானும் உன் பெயரைச் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்றுவதற்காக இல்லை கண்ணு, என்னுடையதை நான் சொல்லிவிட்டேன், உன்னுடையதை நீதான் சொல்ல வேண்டும்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே, மோர் நிறையக் குடி. நீ நோய் நொடி இல்லாமல், அப்பா பெயரோடு நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். சித்திரையில் லீவுக்கு வரும்போது எனக்குப் புடவை எதுவும் வேண்டாம், பேரீச்சம்பழம் மட்டும் வாங்கி வா. பத்து வீட்டுக்கும் ஆகிற மாதிரி வாங்கு, முதலில் சாமிக்கண்ணு வீடு.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா
சி. தையலம்மாள்