மஞ்சள் கழுவாத வெள்ளிச் சங்கு

அனுப்புநர்:
ஜட்டெப்பா (வயது 72), த/பெ கரியப்பா,
ஆடு மேய்ப்பவர், கல்மரடி கிராமம்,
ஹொன்னகிரி மாவட்டம், கர்நாடகம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஹொன்னகிரி.

பொருள்: மாவட்ட மருத்துவமனைக் கோப்பில் என் மருமகள் மாயவ்வா பேரில் எழுதப்பட்ட பொய் வரியை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல, தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதும் பசவராஜ் எழுதுகிறார். ஆனால் நாளும் கிழமையும், யார் என்ன சொன்னார் என்பதும் எனக்கு மறப்பதில்லை. இருநூறு ஆட்டில் எந்தக் குட்டிக்கு எது தாய் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவேன்.

1. கணேச சதுர்த்தி கழிந்த வியாழக்கிழமை, 21.09.2023 அன்று மாயவ்வாவுக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. எடை 1,240 கிராம். தானாக மூச்சுவிடத் தெம்பில்லை என்று மூக்கில் குழாய் வைத்து இயந்திரத்தில் காற்று கொடுத்தார்கள். பால், வாயில் விட்ட மெல்லிய குழாய் வழியே நேராக வயிற்றுக்குப் போனது. அந்த இயந்திரத்தோடு ஒரு தண்ணீர்ப் புட்டி உண்டு. காற்று சரியாகப் போனால் அதில் குமிழி வரும். பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குள் ஆண்களுக்கு அனுமதியில்லை என்பதால் நான் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். செவிலியர் நிர்மலா கட்டிமணி என்னிடம், “தாத்தா, ஆட்டைப் பாக்குற கண்ணால அந்தக் குமிழியப் பாருங்க. நின்னா கதவைத் தட்டுங்க, கூச்சப்படாதீங்க” என்றார். அன்றிலிருந்து அதுவே எனக்கு வேலை.

2. இருபத்திரண்டாம் நாள், இயந்திரத்தில் இருக்கும்போதே வாய் வழியாகக் கொஞ்சம் பால் பழக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். நிர்மலாதான் கொடுப்பார். குழந்தையைச் சாய்த்துப் பிடித்து, சங்கின் மூக்கை உதட்டில் வைத்து, ஒரு சொட்டு விட்டு, அது விழுங்கி மூச்சு விடும்வரை காத்திருப்பார். ஐந்து மில்லி பாலுக்கு அரை மணி நேரம். “ஒரு முழுங்கு, ஒரு மூச்சு. அவசரப்பட்டா பால் வயித்துக்குப் போகாது, நெஞ்சுக்குப் போயிரும்” என்று மாயவ்வாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். மாயவ்வாவுக்கு, பஞ்சில் பால் தொட்டு உதட்டில் தடவ மட்டுமே அனுமதி. அவள் அதைத் தாண்டவில்லை.

3. 16.10.2023, நவராத்திரி தொடங்கிய மறுநாள், திங்கட்கிழமை, காலை பத்து மணி. மருத்துவமனைக்குப் புது வளைவு திறக்க அமைச்சர் வந்தார். பிரிவில் இருந்த மூன்று செவிலியரில் நிர்மலா உட்பட இருவரைப் பூத்தட்டு ஏந்தக் கூட்டிப்போனார்கள். பதினான்கு குழந்தைக்கு ஒரு செவிலியர் மிஞ்சினார். பால் நேரம் வந்தது. தலைமைச் செவிலியர் வாசலில் நின்று, “அமைச்சர் உள்ள வர்றதுக்குள்ள எல்லாத்துக்கும் ஊட்டி முடிங்க” என்று சத்தம் போட்டார். தரை துடைக்கும் கங்கம்மாவின் கையில் சங்கைக் கொடுத்தார்கள். அது பிரிவின் எவர்சில்வர் சங்கு. கங்கம்மா பேரில் நான் குற்றம் சொல்லவில்லை, சொன்னதைச் செய்தார். எங்கள் குழந்தையின் தலையைப் பின்னால் சாய்த்து ஒரே மூச்சில் கவிழ்த்தார். தாயில்லாக் குட்டிக்குக்கூட நாங்கள் அப்படி ஊற்றமாட்டோம்.

மாயவ்வா அப்போது அடுத்த அறையில் பால் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். புட்டியில் குமிழி வந்தபடிதான் இருந்தது. குழந்தைதான் நாவற்பழ நிறமாகிவிட்டது. மூன்று முறை தட்டினேன். வரவேற்பு மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு செருப்புக் காலோடு உள்ளே போனேன். கோப்பில் இதுவும் எழுதியிருக்கிறதாம். அந்தக் கோப்பில் உண்மை அது ஒன்றுதான்.

4. மருத்துவர் ஓடிவந்து பாலை உறிஞ்சி எடுத்துக் குழந்தையைப் பிழைக்க வைத்தார். இன்னும் இருபது நாள் இயந்திரம். மறுநாள் அலுவலக எழுத்தர், “மருந்து வாங்கணும், பெருவிரல வை பெரியவரே” என்றார். வைத்தேன். 25.11.2023 அன்று வீட்டுக்கு அனுப்பும்போது, தாய்மார் நிறைந்த நடைகூடத்தில், நான் விரல் வைத்த அந்தத் தாளை உரக்கப் படித்தார்: தடுத்தும் கேளாமல் தாய் தன் வீட்டு வெள்ளிச் சங்கால் பால் ஊற்றியதால் மூச்சுத்திணறல், சாட்சி, மாமனார். “வெள்ளிச் சங்கு வச்சிருக்கிறவ கை சும்மா இருக்குமா” என்று ஒருத்தி சிரித்தாள்.

5. அந்தச் சங்கு மாயவ்வாவின் பிறந்த வீட்டுச் சீர். மஞ்சள் குழைத்துப் பூசிக் கொடுத்தார்கள். தாய் தன் கையால் முதல்முதல் ஊட்டும் அன்றுதான் அதைக் கழுவ வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஐந்தாம் நாள் அதைப் பிரிவு வாசலில் எல்லாருக்கும் காட்டிப் பெருமையடித்தவன் நான்தான். இல்லையென்றால் அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திராது. திருட்டுக்குப் பயந்து அன்று முதல் அது என் இடுப்புப் பையை விட்டு இறங்கவில்லை. தங்கள் முன் எடுத்துக் காட்டுகிறேன். மூக்கு ஓட்டையில் மஞ்சள் அப்படியே அடைத்திருக்கிறது. அதற்குள் ஒரு சொட்டுப் பால் போயிருக்க வழி உண்டா என்று தாங்களே பாருங்கள்.

6. குழந்தை இப்போது தானாக மூச்சு விடுகிறது. மாயவ்வா பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறாள். “நான் தொட்டா மறுபடி நீலமாயிரும் மாமா” என்கிறாள். நான் ஊட்டவில்லையா, நீயும் வந்து பிடி என்றால், “நீங்கதானே சாட்சி சொன்னீங்க” என்கிறாள். பக்கத்து வீட்டுச் சங்கை வாங்கி, கண்ணாடி வழியே பார்த்துப் பழகியபடி, ஒரு முழுங்கு, ஒரு மூச்சு என்று இந்தக் கிழவன் ஊட்டுகிறேன்.

7. ஆகவே, தீர விசாரித்து அந்த வரியை அடிக்க வேண்டும். மூக்கில் குழாயோடு கிடக்கும் குழந்தைக்குப் பழகிய கை தவிர வேறு கை ஊட்டக்கூடாது என்றும், அந்தக் கையில் பூத்தட்டைக் கொடுக்கக்கூடாது என்றும் உத்தரவிட வேண்டும். திருத்தத்தைத் தபாலில் அனுப்ப வேண்டாம். எங்கள் வீட்டில் படிக்க ஆளில்லை. அதே எழுத்தர், அதே நடைகூடத்தில், அதே குரலில், மாயவ்வாவை நிறுத்தி வைத்துப் படிக்க வேண்டும். அதைக் கேட்டபிறகு அவள் இந்தச் சங்கைக் கழுவுவாள். அதுவரை மஞ்சளோடு என் இடுப்பில் இருக்கும்.

இம்மனுவை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே விரல் வைக்கிறேன்.

இடம்: ஹொன்னகிரி
நாள்: 11.12.2023

ஜட்டெப்பா
(இடது கைப் பெருவிரல் ரேகை)