கனடாவிலிருந்து வந்த திசைகாட்டி

மாஸ்டர்டன், நியூசிலாந்து
16 ஏப்ரல் 1989

அன்பு மகன் கிரேமுக்கு,

நானும் உன் அப்பாவும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், இந்தத் தடவை இதை நான் பேச்சுக்கு எழுதவில்லை. நீயும் சளி, காய்ச்சல் அண்டாமல் சுகமாக இருக்க வேண்டும். படிக்கும்போது பதறாதே, அப்பா வீட்டில்தான் இருக்கிறார். கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, தேநீர் ஆறிவிட்டது என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அந்தத் திட்டைக் கேட்கக் கேட்க ஆண்டவனுக்கு நன்றி சொல்லத்தான் தோன்றுகிறது.

போன வாரம், நீ அனுப்பிய திசைகாட்டியோடு தனியாக மலைக்குப் போனார். பழையது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அலமாரியில் பூட்டி வைக்கவா பிள்ளை அனுப்பினான் என்று புதியதைத்தான் எடுத்தார். முப்பது வருஷம் மலையேற்ற கிளப்பில் வரைபடப் பாடம் எடுத்தவர், வாசலில் வைத்துக்கூட அதைச் சரிபார்க்கவில்லை, அவ்வளவு ஆசை. மலையேறுபவர்கள் தங்கும் முதல் குடிலின் பதிவேட்டில், போகப்போகும் வழியை எழுதிவிட்டு ஏறியவரை மூடுபனி சூழ்ந்துகொண்டது. அடுத்த குடிலுக்கு அவர் போய்ச் சேரவே இல்லை. இரண்டு நாள் தேடினார்கள், எனக்கு ஒரு வாய் ரொட்டி இறங்கவில்லை.

தேடும் குழுவுக்குத் தலைவி நைரி. உன் பரிசைப் பற்றி நான் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. ஓடி வந்து, "ஏவிஸ் அக்கா, அது கனடாவுலயே வாங்கினதா? பூமியோட வடபாதிக்குன்னு செஞ்ச ஊசி இங்க ஒரு முனை தாழ்ந்து அடியில ஒட்டிக்கும். ஆளு திரும்புற பக்கமெல்லாம் அதுவும் திரும்பும். மனுஷன் நேராப் போறதா நெனச்சு, மேற்குக் காத்துக்கு முதுகக் காட்டிக் கிழக்கால எறங்கியிருப்பாரு" என்றாள். பதிவேட்டில் இருந்த வழியை நம்பி மேற்கே தேடியவர்களை உடனே திருப்பிவிட்டாள். மறுநாள் காலை கிழக்கு ஓடைக்கரையில் கிடைத்தார். நைரிக்கு ஒரு வாளி ஃபீஜோவாப் பழம் கொடுத்தேன், தோட்டத்தையே எழுதிக் கொடுத்தாலும் தகும்.

இப்போது கிளப்பில் எல்லோரும் அவரைக் கேலி செய்கிறார்கள். இவரோ, "வரைபடத்த நான்தான் தப்பாப் படிச்சேன், வயசாயிடுச்சுல்ல" என்கிறார். திசைகாட்டியைப் பற்றி நைரியையும் வாய் திறக்க விடவில்லை. உனக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார், நான் செய்யவில்லை. நீ ஊரை விட்டுப் போனதை அப்பா இன்னும் மன்னிக்கவில்லை என்று கிறிஸ்துமஸுக்கு எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் சொல்கிறேன். உன் மேல் தப்பில்லை, மனம் நோகாதே.

கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவுக்குப் போன் செய். திசைகாட்டி அருமையாக வேலை செய்கிறது என்பார். நம்பியது போலவே பேசு.

உன் அம்மா